இரண்டு தட்டினால் நில்

வண்டியின் பின்பக்க பம்பர் வலது ஓரத்தில் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. கொஞ்சம் என்றால் சுண்டுவிரல் தடிமன், அவ்வளவுதான். வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. வென்டெல் ஹௌகன் கண்ணில் பட்டது. அந்தப் பம்பரைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் பழைய இரும்புக் கடைகளில் தேடிப்பிடித்து, துரு போக்கி, போன குளிர்காலம் முழுக்க மினசோட்டாவில் தன் வீட்டு கராஜில் மண்டியிட்டுக் கிடந்து மாட்டியவர் அவர்தான். எழுபத்தொரு வயதில் அது பெரிய காரியம், அதைப் பற்றி அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

அரிசோனா பாலைவனத்தில் ஜனவரி மாதக் காலை. சரளைக் கற்கள் பரந்த வெட்டவெளியில் அவருடையதைப் போலவே, உள்ளேயே குடியிருக்க வசதியுள்ள முப்பது பழைய மோட்டார்ஹோம்கள் வரிசையாக நின்றன. எல்லாம் எழுபதுகளில் செய்தவை, எல்லாவற்றிலும் ஒரு கிழவரும் ஒரு கிழவியும். பன்றி இறைச்சி பொரியும் வாசனையும் காபி வாசனையும் காற்றில் கலந்து வந்தன. அவற்றுக்கு அடியில் வேறொன்றும் வந்தது. நனைந்த கம்பளிச் சட்டையின் நாற்றம். இங்கே மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது.

அவர் குனிந்து பம்பரைக் கையால் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"என்னப்பா, உன் வண்டிக்கு இடுப்பு சுளுக்கிடுச்சா?"

பக்கத்து வண்டிக்காரர் ஓரின் ஸ்கார், கையில் காபிக் குவளையோடு. இந்த ஷாக் அப்சார்பர் விஷயத்தில் அந்த முகாமுக்கே வைத்தியர் அவர்தான். சட்டைப்பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும்.

"ஷாக்குல வாயு கசிஞ்சிருக்கும்," என்றார் வென்டெல்.

"எங்கயாவது இடிச்சியா?"

"இல்ல."

வண்டிப் படியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி லோர்னா சிரித்தாள். "ஐயோ, பொய்யப் பாரு! ஹைவே ஓய்விடத்துல குப்பைத் தொட்டிய இடிச்சியே, அத சொல்லு. ஓரின் என்ன உன்ன போலீஸ்லயா புடிச்சுக் குடுக்கப் போறாரு?"

"ஆமா, தொட்டி," என்றார் வென்டெல். காதுமடல் சுட்டது. "மறந்துட்டேன்."

"தொட்டிதானே? அதுக்குத்தானே இந்த சாமானே இருக்கு," என்றார் ஓரின். "இடிச்சா உள்ள போவும், அப்புறம் தானா வெளிய வந்துரும். ஒரு கீறல் இருக்காது. நடந்ததே தெரியாது."

நடந்ததே தெரியாது. கராஜில் அந்த ஷாக்கை மாட்டி முடித்த அன்று வென்டெல் இதையேதான் லோர்னாவிடம் பெருமையாகச் சொன்னார். இப்போது அதைக் கேட்கக் கூசியது.

நான்கு நாட்களுக்கு முன்னால் நடந்தது இது. நெடுஞ்சாலை ஓய்விடம், மாலை நாலு மணி, தூறல். வழியெல்லாம் சண்டை. லோர்னா மகளிடம் போனில், "அப்பாவுக்குப் பின்னால எதுவும் தெரியறதில்ல, இதுதான் கடைசிப் பயணம், வண்டிய வித்துரலாம்னு இருக்கோம்" என்று சொல்லிவிட்டாள். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள். அவள் கழிப்பறைக்கு இறங்கிப் போனதும் வென்டெலுக்கு வீம்பு ஏறியது. யார் துணையும் இல்லாமல் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பி நிறுத்திக் காட்டுகிறேன் பார் என்று ரிவர்ஸ் போட்டார்.

இந்த வண்டிகளில் பின்னால் இருப்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. ஒருவர் பின்மூலையில் நின்று உள்ளங்கையால் வண்டியின் உடம்பில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் இடம் இருக்கிறது, வா. இரண்டு தட்டு என்றால் நில். நாற்பத்தாறு வருடமாக அவருக்குத் தட்டியது லோர்னாதான்.

அன்று இரண்டு தட்டு கேட்டது. தெளிவாக, பின்னால் இருந்து, அவசரமாக.

வந்துவிட்டாள், மறுபடி அதிகாரம் பண்ண வந்துவிட்டாள் என்று நினைத்தார். கால் பிரேக்குக்குப் போகவில்லை. நீ தட்டினால் நான் நிற்க வேண்டுமா என்று ஒரு முழம் தூரம் விட்டார், வேண்டுமென்றே விட்டார். பின்னால் பம்பர் மெத்தென்று எதையோ தொட்டது. உள்ளே போனது. ஸ்ஸ் என்று நீளமாக ஒரு மூச்சுவிட்டு வெளியே வந்தது.

அதே நேரத்தில் முன் கண்ணாடி வழியாக லோர்னா வருவது தெரிந்தது. இரண்டு கைகளிலும் காபி, தலைக்கு மேல் எதுவும் இல்லை, நனைந்துகொண்டே சிரித்துக்கொண்டு வந்தாள். சமாதானத்துக்கு வாங்கிய காபி.

அப்போது அவர் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. பக்கக் கண்ணாடியில் மழைத்துளிகள்தான் தெரிந்தன. கியரை மாற்றி முன்னால் எடுத்து அவளை ஏற்றிக்கொண்டார். "என்ன சத்தம்?" என்றாள். "தொட்டி," என்றார். அதன் பிறகு வானொலியில் செய்தி தொடங்கும்போதெல்லாம் பாட்டுக்கு மாற்றினார்.

யாரோ ஒருவர் அங்கே விழுந்து கிடந்திருக்கலாம் என்பது அவரைத் தின்றது. ஆனால் அதைவிட அவமானமானது ஒன்று இருந்தது. போலீசிடம் போனால் லோர்னாவிடம் சொல்ல வேண்டும். தட்டு கேட்டதா என்று அவள் கேட்பாள். கேட்டது என்றால், ஏன் நிற்கவில்லை என்பாள். நீ என்று நினைத்துத்தான் நிற்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

ஓரினிடம் பேசிய அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தபோது பம்பர் சரியான இடத்தில் இருந்தது. வாயு கசிந்த ஷாக் தானாகத் திரும்பி வராது, அவருக்கு அது தெரியும். மறுநாள் காலை இரண்டு விரல் தடிமன் உள்ளே போயிருந்தது.

அன்று மதியம் வண்டிக்குள் மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது, எங்கோ ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது, சிறிய மின்விசிறி தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது தரை லேசாகச் சாய்ந்தது. கிண்ணத்தில் சூப் ஒரு பக்கமாக ஒதுங்கியது. பின்னாலிருந்து அந்த மூச்சு. ஸ்ஸ். ஒரு நிமிடம் கழித்து மறுபடி. உள்ளே போவதும் வெளியே வருவதுமாக, நடந்து களைத்தவர் சாய்ந்து நின்று இளைப்பாறுவது போல.

லோர்னா கரண்டியை வைத்தாள். "யாரோ நம்ம வண்டி மேல சாஞ்சுக்கிட்டு இருக்காங்க, வென்டெல். போய்ப் பாரு."

"ஓரினா இருக்கும்."

"ஓரின் பக்கத்து வண்டில தூங்கிட்டிருக்காரு. ஜன்னல்ல பாரு, வாயப் பொளந்துக்கிட்டு."

அவர் இறங்கிச் சுற்றிப் போனார். யாரும் இல்லை. பம்பர் முழுக்க மூன்று நாள் பாலைவனப் புழுதி. வலது ஓரத்தில் மட்டும் ஒருவர் இடுப்பு அகலத்துக்குப் புழுதி துடைக்கப்பட்டிருந்தது. அந்த இடம் ஈரமாக இருந்தது. தொட்டார். மழைநீர், சில்லென்று. விரலை முகர்ந்தபோது கம்பளி நாற்றம்.

கைக்குட்டையால் துடைத்துவிட்டு உள்ளே போனார்.

"யாரு?"

"யாருமில்ல. காத்து."

எத்தனாவது பொய் என்று அவருக்கே கணக்கு விட்டுப்போயிருந்தது. அன்று மாலை பம்பர் ஒரு கை அகலம் உள்ளே போயிருந்தது. அந்த ஷாக்கில் அவ்வளவு தூரம் போக இடமே கிடையாது.

அடுத்த நாள் மூன்று மணிக்கு ஓரின் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். இந்த வண்டிக்காரர்களின் பழைய வழக்கம்தான் அது. தரையில் ஆழமாக ஊன்றிய ஒரு மரத்தூண் வரை வண்டியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நடுவே ஜாக்கி வைத்துப் பம்பரை அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக அழுத்துவார்கள். எடுத்ததும் முழுக்கத் திரும்பி வந்தால் ஷாக் நல்லது, வராவிட்டால் போச்சு. வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் மடக்கு நாற்காலிகளோடு வந்துவிட்டார்கள்.

"பின்னால யாரு நிக்கிறது?" என்றார் ஓரின்.

"வேற யாரு? நான்தான்," என்றாள் லோர்னா. சிவப்புக் குளிர்ச்சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"நீ வேணாம்," என்றார் வென்டெல்.

"ஏன்?"

வாயைத் திறந்தார். நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாம் அவரைப் பார்த்தார்கள். ஓரின் அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

லோர்னா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "இன்னும் கோவமா? அன்னிக்கி பொண்ணுகிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான். வண்டிய விக்க வேணாம். நீ ஓட்டு, நான் தட்டுறேன். எப்பவும் போல."

இப்போது சொல்லியிருக்கலாம். அவர் நாக்கு நுனி வரை வந்தது. லோர்னா, அன்னிக்கி நீன்னு நெனச்சேன். ஐந்து வார்த்தைகூட இல்லை.

"சரி," என்றார்.

வண்டியில் ஏறினார். இன்ஜின் உறுமியது. சீட்டின் பழைய தோல் வெயிலில் சூடேறி நாறியது. இடது கண்ணாடியில் தூணுக்குப் பக்கத்தில் ஓரின். வலது கண்ணாடியில் பின்மூலையில் சிவப்புச் சட்டையின் கை மட்டும். ரிவர்ஸ் போட்டார்.

ஒரு தட்டு. கூடவே கல்யாண மோதிரம் தகரத்தில் படும் டிக் சத்தம். நாற்பத்தாறு வருடமாக அவள் தட்டினால் அந்த டிக்கும் சேர்ந்து வரும்.

அன்று ஓய்விடத்தில் அந்த டிக் கேட்கவில்லை. அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அது கேட்காதபோதும், அவள்தான் என்று நம்ப ஆசைப்பட்டிருக்கிறார்.

ஒரு தட்டு. டிக். வா.

வந்தார். மெல்ல. சரளை நொறுங்கியது.

கம்பளி நாற்றம். இந்த முறை வண்டிக்குள்ளேயே.

ஒரு தட்டு. டிக்.

இரண்டு தட்டு. டிக், டிக். நில்.

பிரேக்கைத் தரை வரை மிதித்தார். வண்டி நின்றது. சக்கரம் அசையவில்லை. முன்னால் தெரிந்த கள்ளிச்செடி கண்ணாடியில் அதே இடத்தில் நின்றது. நின்றுவிட்டேன், லோர்னா. கேட்டதும் நின்றுவிட்டேன்.

ஸ்ஸ்.

பின்னால் பம்பர் உள்ளே போனது. நின்ற வண்டியில். தூணைத் தொடாத பம்பர். நீளமாகப் போனது. போய்க்கொண்டே இருந்தது.

இரண்டு தட்டு. டிக், டிக். வேகமாக. மறுபடி இரண்டு. மறுபடி.

"நின்னுட்டேன்! நான் நின்னுட்டேன்!"

இடது கண்ணாடியில் ஓரினின் அளவு நாடா கீழே விழுந்தது. அவர் வாய் திறந்திருந்தது. நாற்காலிகள் சரிந்தன. யாரும் பக்கத்தில் வரவில்லை. எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள்.

வலது கண்ணாடியில் சிவப்புக் கை. அது யாரோ இழுப்பது போல மெல்ல வண்டியின் பின்பக்கமாக வளைந்து மறைந்தது. முழங்கை. மணிக்கட்டு. விரல்கள். பிறகு கண்ணாடியில் வெயில் மட்டும்.

பம்பர் வெளியே வருவதற்காகக் காத்திருந்தார். உள்ளே போனால் வெளியே வரும். அதற்குத்தானே அந்தச் சாமான். வரவில்லை.

இறங்க வேண்டும். கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கைப்பிடியைப் பிடித்தார். பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். இந்த முறையும் அவர் இறங்கவில்லை.

பக்கக் கண்ணாடி முழுக்கத் துளித்துளியாக நீர் பூத்தது. வெளியே ஒரு மேகம்கூட இல்லை.

பின்னாலிருந்து ஒரு தட்டு. ஈரமான உள்ளங்கை. டிக் இல்லை.

ஒரே ஒரு தட்டு.

வா.