மூங்கில் ஆணி

வாள்தாங்கியில் இரண்டு வாள்கள் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது.

1979 நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. பதுளை பஸாரில் மர்ஸூக்கின் இரும்புக்கடைக்கு மேலே உள்ள அறையைக் கூட்டப் போன கடைச் சிப்பந்தி தேவதாசன், துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து சொன்னபோது யாரும் நம்பவில்லை. எல்லோரும் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். தாங்கியின் மேல்தட்டு வெறுமையாக இருந்தது. ஜன்னல் திறந்து கிடந்தது.

எட்டேகாலுக்கு சப் இன்ஸ்பெக்டர் ஜுனைதீன் வந்தார். பொலிஸில் சேரத் தேவையான உயரத்தை மயிரிழையில் எட்டிப் பிடித்தவர். ஊரில் முக்கால்வாசிப் பேரை அண்ணாந்து பார்த்தே பேச வேண்டியிருந்தாலும் அதற்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. எழுத்து வேலைதான் அவருக்கு வேப்பங்காய். முறைப்பாடு எழுதாமல் ஒரு விஷயத்தைத் தீர்க்க முடியுமென்றால் அதற்காக ஹாலிஎல வரைக்கும் நடக்கச் சொன்னாலும் நடப்பார்.

கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக் கூடத்தைத் தாண்டித்தான் மாடிப்படி. மாலையில் விருந்தாளிகள் வருவதால் கூடத்தில் பழைய பாய்களை விரித்துப் போட்டிருந்தார்கள். புதுப் பாய் ஒன்று சுருட்டியபடியே மூலையில் சாத்தியிருந்தது. சமையலறைக் கதவோரம் ஓர் ஆணியில் மாடி அறைச் சாவி தொங்கியது. ஜுனைதீன் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு மேலே ஏறினார்.

மர்ஸூக் ஆறடி ஆள். இன்று காலை மட்டும் நாலடியாகக் குறுகிப் போயிருந்தார்.

"என்ன வாள், மர்ஸூக் நானா?"

"கத்தானா, சேர். ஜப்பான் வாள். நான் ஒம்பது வருஷம் ஜப்பான்ல, கோபேல மாணிக்கக் கல் யாவாரம் செஞ்சேனே, அங்க ஒரு உஸ்தாதுக்கிட்ட வாள் வீச்சுப் படிச்சேன். ஞாயிற்றுக்கிழமைல நாலைஞ்சு பேருக்கு இங்க சொல்லிக் குடுக்கிறேன். தேவதாசனும் படிக்கிறார். போன மாசம் திரும்ப கோபே போனப்போ புதுசா ஒண்டு வாங்கிட்டு வந்தேன். சிவப்பு உறை, கைப்பிடில தங்கப் பூ. கூர் போடாதது, பயிற்சிக்கு உள்ளது. இண்டைக்கு அஸர் தொழுகைக்குப் பொறகு பஸார் ஆக்களுக்கு வீசிக் காட்டுறதா இருந்தேன்."

"கடைசியா எப்ப கண்டீங்க?"

"நேத்து ராவு இஷாத் தொழுகைக்கு முந்தி. ஒருதரம் வீசிப் பார்த்துட்டு வெச்சேன். விடியக்காலை சுபஹுக்குப் பள்ளிக்குப் போயிட்டு ஆறரைக்குத்தான் வந்தேன். ஏழு மணிக்கு தேவதாசன் சாவியை வாங்கிட்டு மேல வந்தார்."

"அதுதான் சங்கதி!" என்றார் வாசலில் நின்ற ஸலீம். மர்ஸூக்கின் தங்கை புருஷன், பக்கத்து வீடு. இரும்புக்கடை வேலைக்குத் தன் தம்பியை எப்படியாவது நுழைத்துவிட வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. "சாவியை வாங்கினவன் எடுத்தான். இதுல யோசிக்க என்ன ஈக்கி?"

ஜுனைதீன் தாங்கியருகே போனார். தாங்கியில் மிஞ்சியிருந்த பழைய வாளை எடுத்தார். கறுப்பு உறை, பூ வேலை எதுவும் இல்லாதது. எடுத்த வேகத்தில் வாய்ப்பக்கம் சரிய, வாள் உறையை விட்டு வழுகி வெளியே எட்டிப் பார்த்தது.

"பெருவிரல், சேர்!" என்று பதறினார் மர்ஸூக். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருந்த இரும்பு வட்டைக் காட்டினார். "இடது கைப் பெருவிரல் எந்த நேரமும் இதுக்கு மேல ஈக்க வேணும். முதல் நாள் பாடமே அதுதான். எங்களுக்கெல்லாம் அது தூக்கத்துலயும் போகாது."

"இவ்வளவு சங்கதி ஈக்கா? ஒரு வாளை எப்படித் தெரிவு செய்றது?"

கேட்டதும் மர்ஸூக்கின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "ஆளுக்கு ஏத்த நீளம் முதல்ல. உருவிப் பிடிச்சுக் கையைத் தொங்க விட்டா முனை தரையைத் தொடக் கூடாது. தொட்டும் தொடாத மாதிரி நிக்க வேணும். நீளம் கூடினா உருவ வராது, குறைஞ்சா பழக்கம் கெட்டுப் போகும். பொறகு பாரம். கை சோராம நூறு தரம் உருவ வேணுமே. பொறகு கைப்பிடிக்குள்ள அலகோட வால் ஆழமாப் போயிருக்க வேணும். ஒரு மூங்கில் ஆணிதான் ரெண்டையும் ஒண்டாப் பிடிச்சு வெச்சிக்கி."

"புதுசையும் இப்படித்தான் தெரிஞ்செடுத்தீங்களா?"

"லைட்டுக்குக் கீழ பிடிச்சுப் பார்த்தேன், சேர். அலகில அலை அலையா ஒரு வெளிச்சம் ஓடிச்சு பாருங்க! கல் பார்த்த கண்ணு, பொய் சொல்லாது. கடைக்காரன் பிரிக்க வேணாம், பூச்சுப் போயிடும் எண்டான். அப்படியே கட்டித் தரச் சொன்னேன்."

ஜுனைதீன் பழைய வாளை உருவிக் கையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். முனை தரைக்கு ஒரு விரல் மேலே நின்றது. "எனக்கே அளந்து செஞ்ச மாதிரி ஈக்கே," என்று சிரித்தார்.

அந்த நேரம் மர்ஸூக்கின் மனைவி ஸுபைரா இஞ்சித் தேத்தண்ணியோடு வந்தார். முக்காடும் அமைதியுமான பெண். ஜுனைதீனின் உயரம்தான், ஒருவரின் கண்ணை நேருக்கு நேர் பார்த்துப் பேச முடிந்தது ஜுனைதீனுக்கு ஆறுதலாக இருந்தது. தட்டை முக்காலியில் வைத்த ஸுபைரா, அவர் உறையில் போட்டுத் தடுமாறிய வாளை வாங்கினார். பெருவிரலை இரும்பு வட்டில் வைத்து, அதைத் தாங்கியில் வைத்தார். பிறகு கோப்பையை நீட்டினார்.

"தேவதாசன் எடுக்கல்ல, சேர்," என்றார் மெதுவாக. "காலைல இருந்து சொல்றேன். யாரும் கேக்கிறாங்க இல்ல."

"உனக்கென்ன தெரியும், நீ மேல ஏறுறதே இல்ல," என்றார் மர்ஸூக். ஸுபைரா இறங்கிப் போனார்.

தேத்தண்ணியை முடித்துவிட்டு ஜுனைதீன் தரையில் மண்டியிட்டார். தாங்கிக்கும் சுவருக்கும் இடையில், ஒரு சின்ன மூங்கில் துண்டு கிடந்தது. தீக்குச்சியைவிடத் தடிப்பு, முனையில் சிவப்புப் பூச்சு.

"புதுசோட ஆணி!" என்றார் மர்ஸூக். "பழசோடது அதுலேயே ஈக்கி."

ஸலீம் ஜன்னல் கம்பிகளுக்கு ஓடினார். "இப்ப விளங்குது! இந்தக் கம்பிக்குள்ளால வாள் போகும், வட்டுப் போகாது. ஆணியைக் கழட்டி, வட்டை வேறாக்கி, ஒவ்வொண்டா ரோட்டுக்கு விட்டிருக்கான். கீழ எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்!"

ஜுனைதீன் விரல்களால் கம்பி இடைவெளியை அளந்தார். ஸலீம் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

பத்து மணி. கடையின் பின்புறம், பெயின்ட் டின்களுக்கு நடுவே தேவதாசன் நின்றார். ஒல்லியான உயரம், தலை கூரைத் தகரத்தில் முட்டியது.

"ஆணியைக் கழட்டத் தெரியுமா?"

"தெரியுங்க. முதலாளிதான் சொல்லிக் கொடுத்தாரு."

"எடுத்தீங்களா?"

"இல்லைங்க."

"யார் மேல சந்தேகம்?"

"கண்ணால பார்க்காம யாரைச் சொல்லட்டுங்க?" ஒரு பெயின்ட் டின்னை நகர்த்தி வைத்தார். "தேயிலைத் தோட்டத்துல பேரை வெட்டிக்கிட்டு, லயத்துல குடியிருந்த காம்பராவையும் விட்டுட்டு இந்தக் கடையை நம்பி வந்தேங்க. இப்ப திருடன்னு வெளிய போனா, திரும்பிப் போக ஒரு கூரை இல்ல. பொஞ்சாதி மதலேனாவையும் புள்ளைங்களையும் வச்சுக்கிட்டு எங்க போவேங்க? அதை விடுங்க. முதலாளி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அதுதாங்க தாங்கல."

அதைக் கேட்டு ஜுனைதீனுக்கும் மனம் கனத்தது. இந்த மனிதனை ஜீப்பில் ஏற்றினால், பிறகு குற்றமில்லை என்று விட்டாலும், பஸார் அவனைத் திருடன் என்றுதான் பார்க்கும்.

அவர் தெருவுக்கு வந்தார். மாடி ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு தேத்தண்ணிக் கடை. அதன் தகரக் கூரை தெரு வரைக்கும் நீண்டிருந்தது. கடைக்காரர் இரவில் அங்கேயே படுத்து, முதல் பஸ்காரர்களுக்காக ஐந்து மணிக்கே அடுப்பு மூட்டியவர்.

"கூரையில ஏதும் விழுந்திச்சா?"

"காக்கா வந்து உக்காந்தாலே எனக்குத் தெரியும், சேர். தகரமில்லையா? ஒண்டும் விழல்ல."

ஜுனைதீன் கூரையை அண்ணாந்து பார்த்தபடி சிறிது நேரம் நின்றார். அப்படியானால் வாள் ஜன்னலால் போகவில்லை. வெளியே போகவே இல்லை. ஆணியைக் கழற்றியது கம்பிக்காக அல்ல என்றால் பின் எதற்காக? அவர் தன் வலது கையைத் தொங்கவிட்டார். இல்லாத வாள் ஒன்றைப் பிடித்துத் தரையைப் பார்த்தார். பிறகு மாடியில் கேட்ட பாடத்தை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்.

பதினொன்றரை. கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டார்.

"தேவதாசன், வாங்க. ஸ்டேஷனுக்குப் போவோம்."

ஸலீம் தாடியைத் தடவிக்கொண்டார். தேவதாசன் ஓரடி எடுத்து வைத்தார். சமையலறை வாசலில் ஒரு சட்டி டங்கென்று கீழே வைக்கப்பட்டது.

"நில்லுங்க, சேர்," என்றார் ஸுபைரா. "நான்..."

"வாங்க ராத்தா," என்றார் ஜுனைதீன். "இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க சொல்ல வேணாம், நானே சொல்றேன். வாளை எடுத்தது நீங்க."

குறுக்கே வந்த மர்ஸூக்கைக் கைகாட்டி நிறுத்திவிட்டு ஜுனைதீன் தொடர்ந்தார்.

"விக்கிறதுக்கு எடுக்கிறவன் ஆணியைத் தட்டிக் கழட்டி உள்ளுக்குப் பார்ப்பானா? அப்படிப் பார்க்கிறவருக்கு அந்த வாள்ல ஒரு சந்தேகம் ஈந்திருக்கு. யாருக்கு? தேவதாசனுக்குச் சாவி கிடைச்சது ஏழு மணிக்கு. அடுத்த நிமிஷம் சத்தம் போட்டுட்டார். சுபஹு நேரம் நானா பள்ளியில. சாவி சமையலறை வாசல்ல."

"இவள் மேல ஏறவே மாட்டாளே!"

"நானா, நீங்களே எனக்குப் பாடம் நடத்தினீங்க. ஆளுக்கு ஏத்த நீளம். மேல ஈக்கிற பழைய வாள் உங்களுக்குத் தெரிஞ்செடுத்த வாளா? என் கையில விரலளவு மேல நிக்குது. உங்க கையில கணுக்காலுக்கு மேல வந்துடும். தேவதாசனுக்கும் ஸலீம் நானாவுக்கும் அப்படித்தான். இந்த வீட்டுல என் உயரம் ஒரு ஆளுக்குத்தான் ஈக்கி. அதோட, நான் வாளைக் குடுத்தப்போ அவங்க பெருவிரல் தானாப் போய் வட்டுல நிண்டிச்சு. நீங்க பதறிச் சொன்ன பாடத்தை அவங்களுக்கு யாரும் சொல்ல வேண்டி ஈக்கல்ல."

மர்ஸூக் மனைவியைப் பார்த்தார். பல வருஷம் கழித்துப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"உஸ்தாதுட மனிசி கோபேல பொம்புளைகளுக்குப் படிப்பிச்சாங்க," என்றார் ஸுபைரா. "இவர் கல் யாவாரத்துக்கு ஊர் ஊராப் போனப்போ நான் படிச்சேன். அந்த வாளை எனக்குண்டு அவங்கதான் தெரிஞ்செடுத்துத் தந்தாங்க. இங்க வந்த பொறகு ஊர் என்ன சொல்லுமோண்டு விட்டுட்டேன். இவர் எடுத்துக்கிட்டார்."

"புதுசுல என்ன கண்டீங்க?"

"கண்டதில்ல, கேட்டது. நேத்து மேல இவர் வீசினப்போ மாடிப் பலகைக்குக் கீழ நிண்டேன். நல்ல வாள் காத்தை மட்டும்தான் கிழிக்கும். இது உள்ளுக்குள்ள கடகடண்டிச்சு."

ஜுனைதீன் மூலைக்குப் போய்ப் புதுப் பாயை உருட்டினார். விருந்துக்குப் பழைய பாயை விரித்துப் புதுசைச் சாத்தி வைக்கிற வீடு எங்கே இருக்கிறது? சிவப்பு உறை வெளியே வந்தது. வாளை உருவி, கைப்பிடியைச் சற்று இழுத்தார். அப்படியே கழன்று வந்தது. அலகின் வால் சுண்டுவிரல் நீளம்தான். கரண்டிக் காம்புபோல மெலிந்து, ஒட்டுப் போட்டிருந்தது. ஒட்டில் கீறல்.

"அழகுக்குச் சுவர்ல மாட்டுற சாமான்," என்றார் ஸுபைரா. "இண்டைக்கு ரெண்டாவது வீச்சுல பறந்திருக்கும். முன் வரிசையில குட்டிப் புள்ளைகள் இருப்பாங்க."

முன் வரிசைக்காக மகனுக்குப் புதுச் சட்டை தைத்து வைத்திருந்த ஸலீம் தாடியிலிருந்து கையை எடுத்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!" என்றார் மர்ஸூக்.

"ஒரு மாசமா பஸார் முழுக்க உங்க கண்ணைப் பத்திப் பேசினீங்க. எப்படிச் சொல்லுவேன்? வெளிக் கள்ளன்ட வேலையாப் போகட்டுமெண்டு ஜன்னலைத் திறந்து வெச்சேன். விருந்து முடிஞ்சதும் சொல்லலாமெண்டு நினைச்சேன். தேவதாசன் மேல பழி வருமெண்டு நினைக்கல்ல. அது என் பிழை."

மர்ஸூக் அந்த மெலிந்த வாலைத் தடவிப் பார்த்தார். "கல் வாங்கினா உடைச்சா பார்க்கிறோம்? மேல மினுங்கினதை நம்பிட்டேன்." எழுந்து போய் தேவதாசனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

"பரவாயில்லங்க, முதலாளி," என்றார் தேவதாசன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த தடவை கேளுங்க."

ஜுனைதீன் முறைப்பாடு எதுவும் எழுதவில்லை. அதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மாலையில் பஸார் முழுக்க வந்து உட்கார்ந்தது. மர்ஸூக் முதலில் சிவப்பு உறை வாளைத் தூக்கிக் காட்டி, தான் ஏமாந்த கதையைத் தானே சொன்னார். தேவதாசனை வீணாகச் சந்தேகப்பட்டதையும் மறைக்கவில்லை. பிறகு கறுப்பு உறை வாளை எடுத்து, "இது என்ட வாள் இல்ல, என் மனிசிட. கேட்டு வாங்கிட்டு வந்தேன்," என்று சொல்லிவிட்டு, நீளம் போதாத வாளோடு பட்டபாட்டைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க வீசிக் காட்டினார்.

எல்லோரும் போன பிறகு ஜுனைதீன் மாடிப்படியின் அடியில் உட்கார்ந்து சப்பாத்து நூலைக் கட்டினார். மேலே அறைக் கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மாடிப் பலகைக்கு மேலே காற்று கிழிபட்டது. நீளமாக, சுத்தமாக, ஒரே கோடாக. உள்ளுக்குள் எதுவும் ஆடவில்லை.

ஜுனைதீன் திரும்பிப் பார்த்தார். மர்ஸூக் அவருக்குப் பக்கத்துப் படியில்தான் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"உஸ், பேசாதீங்க, சேர்," என்றார். "இன்னொண்டு வரும்."