வண்டிக்கு அடியில் தட்டும் சத்தம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தம்பி அந்தச் சிவப்பு வண்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினான். சின்ன வண்டி. மூன்று கதவு, உள்ளே டர்போ இன்ஜின், பின்னால் கட்டைவிரல் போல நிமிர்ந்த ஒரு இறக்கை. இன்ஜினை அணைத்த பிறகும் அவன் உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்தான்.

அவனுடைய அக்காவுக்கு அந்தப் பகுதியில் டார்க் அக்கா என்று பெயர். டார்க் என்பது ஒரு நட்டை எவ்வளவு விசையில் முறுக்கவேண்டும் என்ற கணக்கு. அந்தக் கணக்கைக் காட்டும் நீண்ட ரெஞ்ச் இல்லாமல் அவள் எந்தச் சக்கரத்தையும் வெளியே அனுப்பமாட்டாள். புதிதாக வருகிறவர்கள் பட்டறையில் ஒற்றை டியூப்லைட் எரிவதைப் பார்த்துவிட்டுப் பெயருக்கு அந்த இருட்டுதான் காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவளும் திருத்தமாட்டாள்.

"யார் வண்டிடா?"

"என்னுதுதான். ஸ்கிராப் யார்டுல கெடந்துச்சு, எடுத்தேன். பெயின்ட் நானே அடிச்சேன்."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? தூங்கலையா?"

அவன் கையால் வண்டிக்கு அடியைக் காட்டினான். "கீழேருந்து ஒரு சத்தம் வருதுக்கா. புஷ், லிங்க், மவுண்ட் எல்லாம் மாத்திட்டேன். போகல. நீ என்ன பண்ணுற, பழைய ஸ்பிரிங்கக் கழட்டிட்டுக் குட்டை ஸ்பிரிங் போட்டுடு. புது ஷாக் அப்சார்பரும் பின்னாடி வச்சிருக்கேன். நல்லா எறக்கு."

"எவ்வளவு?"

"ரோட்ட ஒரசுற அளவுக்கு. கீழ எதுக்கும் எடம் இருக்கக் கூடாது."

அவன் ரேஸ் ஓட்டுகிறவன், வண்டியைத் தாழ்த்தச் சொல்வது புதிதல்ல. அவள் சாவியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கிளம்பினாள். அவன் கூட வரவில்லை.

வேகத்தடையில் ஏற்றினாள், இறக்கினாள். ஒரு சத்தமும் இல்லை. குழியில் விட்டாள். கச்சிதமாக இருந்தது. தார் ரோடு வழவழவென்று நீளும் இடத்துக்கு வந்ததும்தான் கேட்டது.

டக். டக். டக்.

நின்றது. மறுபடியும் மூன்று.

ஷாக் போயிருந்தால் மேடுபள்ளத்தில் தட்டும். இது சமதரையில் தட்டியது. அதுவும் சக்கரத்துப் பக்கம் இல்லை, அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே. ஒவ்வொரு தட்டலும் குதிகாலில் வந்து மோதியது. வண்டிக்குள் சூடான தாரும் கருகிய தோலும் கலந்த நாற்றம் மெல்ல ஏறியது. ஜன்னலை இறக்கினாள். நாற்றம் போகவில்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ வண்டி தட்டுவதைக் கேட்டிருக்கிறாள். இப்படி நிறுத்தி, காத்திருந்து, மறுபடி தட்டிய வண்டி எதுவும் இல்லை.

திரும்பி வந்து வேலையை ஆரம்பித்தாள். முன்சக்கரங்களைக் கழற்றி, ஷாக்கோடு ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்தாள். ஸ்பிரிங்கைத் தனியே பிரிக்க இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி அமுக்கவேண்டும். அமுக்கிய ஸ்பிரிங்கின் எதிரே முகத்தைக் காட்டக்கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதி. அவள் பக்கவாட்டில் நின்றுதான் முறுக்கினாள்.

கொக்கி நழுவவில்லை. அதன் கனத்த இரும்புத் தண்டு நடுவில் குச்சிபோல ஒடிந்தது.

ஸ்பிரிங் அவள் காதோரம் பறந்து தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது. காதை விரலால் தொட்டாள். ரத்தம். ஓட்டை வழியாக ஒரு கம்பி வெயில் உள்ளே வந்து தரையில் விழுந்தது. தம்பி திடுக்கிடக்கூட இல்லை. அவன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், நான் செத்திருப்பேன். நீ அங்க என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு."

நான்கு பக்கமும் புதிய ஸ்பிரிங், புதிய ஷாக் ஏறியது. வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தாள். முன்பு முந்நூற்று எழுபத்திரண்டு. இப்போது முந்நூற்று முப்பத்திரண்டு. சரியாக நாற்பது மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ரெஞ்ச் கிளிக் என்று சொல்லும்வரை ஒவ்வொரு நட்டையும் முறுக்கிவிட்டுக் கை கழுவி, பின்னறையில் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் சோற்றை அளைந்தானே தவிர வாயில் வைக்கவில்லை.

அரை மணி கழித்து வெளியே வந்தபோது வண்டி நிற்கிற தோற்றமே மாறியிருந்தது. குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி நின்றது.

டேப் வைத்தாள். முந்நூற்றுத் தொண்ணூறு.

குட்டை ஸ்பிரிங் போட்ட வண்டி, பழைய உயரத்தைவிட உயரமாக நின்றது. பானட்டில் இரண்டு கையையும் ஊன்றி, மொத்த எடையையும் போட்டு அமுக்கினாள். அசையவில்லை. அடியில் யாரோ முதுகைக் கொடுத்துத் தாங்குவதுபோல இருந்தது.

பின்னால் தம்பி முணுமுணுத்தான்.

"எடம் கேக்குறான்."

"யாரு?"

"யாரும் இல்லக்கா."

அவள் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்து முன்பக்கத்தைத் தூக்கினாள். இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கைவிளக்கோடு மல்லாந்து உள்ளே நுழைந்தாள். "வேணாம்க்கா" என்று அவன் சொன்னது காலடியில் கேட்டது.

வண்டியின் வயிறு முழுக்கக் கறுப்புப் பூச்சு, புதிது. ஒருவரும் பார்க்காத இடத்தில் இவ்வளவு தடிப்பாக ஏன் பூசினான்? சுரண்டியால் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே சுரண்டினாள். பூச்சு உரிந்ததும் தகடு தெரிந்தது. தகட்டில் பள்ளங்கள். ரோட்டுக் கல் பட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பட்டிருக்கும். இவை ஒரே இடத்தில் நெருக்கி நெருக்கி விழுந்திருந்தன, ஒவ்வொன்றும் ஒரு முஷ்டி அளவு. பக்கத்தில் நான்கு கோடுகள், சேர்ந்தாற்போல, பெயின்ட்டைத் தாண்டி இரும்பு வரை.

சைலென்சர் குழாய்க்கு மேலே இருந்த வெப்பத்தகட்டின் இடுக்கில் ஏதோ சுருண்டு செருகியிருந்தது. இழுத்தாள். வந்தது.

தோல் கையுறை. வெல்டிங் வேலைக்குப் போடுவது. இடது கை. கட்டைவிரல் கிழிந்த இடத்தைச் செம்புக் கம்பியால் தைத்திருந்தது. அது வெல்டருக்காக அவள் போட்ட தையல்.

கையுறைக்குள் எதுவோ கலகலவென்றது. அவள் உதறிப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை.

வெல்டர் ஆறு வருஷம் அவளோடு அந்தப் பட்டறையில் இருந்தவன், அவள் கேட்குமுன் சரியான ஸ்பானரை எடுத்துக் கொடுப்பவன். எட்டு மாதத்துக்கு முன் ஒரு மாலை, நாளைக்கு வர்றேன் என்று சொல்லிவிட்டு நடந்துபோனான். வரவில்லை. நல்ல இடம் கிடைத்துப் போயிருப்பான் என்றார்கள் எல்லோரும். அவள் ஒரு மாதம் தினமும் போன் அடித்துப் பார்த்தாள், பிறகு கோபப்பட்டாள், பிறகு அவன் பேச்சையே எடுப்பதில்லை. அதே மாலையில்தான் தம்பி புது வண்டியைக் காட்ட வருகிறேன் என்று சொல்லியிருந்தான். வேலை வந்துவிட்டது என்று மறுநாள் சொன்னான். அவன் சொன்ன வண்டி வெள்ளி நிறம்.

அவள் கையுறையோடு வெளியே வந்தாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மிச்சத்தைத் தம்பி இறக்கிக்கொண்டிருந்தான்.

"எங்கடா அவன்?"

"பழைய கல்குவாரி. தண்ணிக்குள்ள." அவன் குரல் தணிந்திருந்தது. "இருட்டுல தெரியலக்கா. ரோட்டோரமா நடந்து வந்தான். இடிச்சதும் அடியில போய் மாட்டிக்கிட்டான். நான் குடிச்சிருந்தேன். நின்னா மாட்டிக்குவேன்னு போயிட்டே இருந்தேன்."

"உயிரோடயா இருந்தான்?"

தம்பி தரையைப் பார்த்தான்.

"தட்டினான். சீட்டுக்குக் கீழ தட்டிக்கிட்டே வந்தான். நாலு கிலோமீட்டர். தட்டுறது நின்ன பிறகுதான் வண்டிய நிறுத்தினேன்."

அவள் மேஜையிலிருந்த போனை எடுத்தாள். அவன் ஜாக்கி ராடை எடுத்தான். முதல் அடி போனோடு சேர்த்து அவள் முன்கையை நொறுக்கியது. எலும்பு ஒடிந்த சத்தம் அவளுக்கே வெளியிலிருந்து கேட்பதுபோல இருந்தது. கையுறை தெறித்து வண்டிக்கு அடியில் போய் விழுந்தது. இரண்டாவது அடி தோளில் இறங்கியது. கீழே விழுந்தவளின் வாயில் மண்ணும் ரத்தமும் கலந்தன.

"உனக்கு நான் முக்கியமா, அவன் முக்கியமா?" என்று கேட்டான். கேட்டுக்கொண்டே அழுதான். "அதக் கொளுத்திட்டா முடிஞ்சிடும். ஒண்ணும் இருக்காது. நீ பேசாம இரு, போதும்."

ராடைக் கீழே போட்டுவிட்டு, கையுறையை எடுக்க வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்து நுழைந்தான். இடுப்புவரை போனான். அதற்கப்புறம் அவன் போகவில்லை, இழுக்கப்பட்டான். செருப்பு இரண்டும் தரையில் தங்கிவிட்டன.

கர்ரர்.

இடதுபக்க ஸ்டாண்டு நகர்ந்தது. சாயவில்லை, சரியவில்லை. நின்ற நிலையிலேயே, யாரோ நாற்காலியை ஒதுக்கி வைப்பதுபோல, சிமெண்டில் கீறிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றது. பிறகு வலதுபக்கத்து ஸ்டாண்டும்.

வண்டி விழவில்லை. இறங்கியது.

சக்கரம் தரையைத் தொட்டது. அங்கேயே நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. புதிய ஸ்பிரிங்குகள் முனகின. மட்கார்டு டயரை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியது. வண்டியின் வயிறு தரையை நோக்கித் தாழ்ந்துகொண்டே போனது. ரோட்டை உரசுகிற அளவுக்கு.

"அக்கா."

அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது. அதன் பிறகு அவனுடைய விலா ஒவ்வொன்றாக ஒடிவதுதான் கேட்டது.

டக். டக். டக்.

அடியிலிருந்து தகட்டைத் தம்பி தட்டினான்.

அவள் தவழ்ந்து போய் ஜாக்கியை இழுத்தாள். முட்டிபோட்டு, ராடைச் செருகி, ஒற்றைக் கையால் அடித்தாள். எண்ணெய் ஏறியது, ஜாக்கியின் தலை நெளிந்தது, வண்டி ஒரு மயிரிழைகூட எழவில்லை. டக். டக். டக். மறுபடி அடித்தாள். ஒடிந்த கை தரையில் இழுபட்டது. தம்பி அவளைவிடப் பதினோரு வயது சின்னவன். நடக்கப் பழகியது அவள் விரலைப் பிடித்துத்தான்.

தட்டுறது நின்ன பிறகுதான் வண்டிய நிறுத்தினேன்.

அவன் சொன்ன அந்த வரி அவள் காதில் விழுந்தது. கை நின்றது.

எவ்வளவு நேரம் நின்றது என்று பிறகு போலீஸ் கேட்டபோதும், டாக்டர் கேட்டபோதும் அவள் சொல்லவில்லை. தட்டல்கள் வலுவிழந்தன. நடுவில் இன்னொரு தட்டல் சேர்ந்துகொண்டது, நிதானமாக, இவனுடையதற்கு இடையில் இடையில். கடைசியில் அந்த ஒன்று மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. வண்டிக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒரு ஈரம் பரவி வந்து, ஓட்டை வழியே விழுந்த வெயிலைத் தொட்டதும் சிவப்பானது.

அவள் ஜாக்கியை மறுபடி அடித்தாள். இரண்டே அடியில் வண்டி சுலபமாக எழுந்தது.

ஸ்டாண்டு நழுவி விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். நழுவிய ஸ்டாண்டுகள் ஓரமாக, நேராக, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நின்றதைப் பற்றி எழுதவில்லை. அவள் சொன்னதைக் கேட்டுக் குவாரித் தண்ணீரில் தேடியவர்களுக்கு மூன்றாம் நாள் வெல்டர் கிடைத்தான். எலும்புதான். இரண்டு உடலுக்கும் அவளே கையெழுத்துப் போட்டு வாங்கினாள், இடது கையால். வண்டியை நசுக்கிக் கட்டியாக்கி உலைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அவள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

நான்கு மாதம் கழித்துக் கட்டு பிரித்ததும் பட்டறையைத் திறந்தாள். வேறு எங்கே போவாள், வேறு என்ன தெரியும்? முதல் வேலை ஒரு பழைய வேனின் ஷாக் மாற்றுவது. பகல் பதினொரு மணி. ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது, வெளியே ரோட்டில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, துருப்பிடித்த போல்ட்டில் ஸ்பானரை மாட்டினாள். அளவு பெரியது. வழுக்கியது. கண்ணை எடுக்காமல் அதைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் கையை நீட்டித் துழாவினாள்.

ஸ்பானர் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. மாட்டினாள். சரியான அளவு. போல்ட் இரண்டு சுற்று கழன்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

பட்டறையில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

ஸ்பானரின் கைப்பிடி சுட்டது. அதில் தார்த்துணுக்குகள் ஒட்டியிருந்தன. அவள் தலையைத் திருப்பவில்லை. கையையும் மறுபடி நீட்டவில்லை. மூச்சை அடக்கி, வேனின் அடித்தகட்டையே பார்த்தபடி படுத்திருந்தாள்.

காதுக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில், அடுத்துத் தேவைப்படும் ஸ்பானரை யாரோ மெதுவாக வைத்தார்கள்.