கண்டக்டர் இல்லாத பேருந்து

கார்களுக்குத் தடை போட்டு, நகரத்தின் நடுவே பேருந்துக்கென்று தனிப் பாதை ஒதுக்கியதிலிருந்து ஊரே பேருந்தில்தான் பிதுங்கி வழிந்தது. புது வண்டியில் கண்டக்டர் கிடையாது. அட்டையைக் காட்டினால் இயந்திரம் கீச்சிடும், அவ்வளவுதான். ஓட்டுநருக்கு அதில் பெரிய நிம்மதி. பின்னாலிருந்து இனி விசில் வராது.

ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. போன வருஷம் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில், பழைய வண்டியில், விசிலுக்குக் காத்திராமல் அவசரப்பட்டு எடுத்துவிட்டார். பின்படியில் நின்று ஆளை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் சக்கரத்துக்கடியில் விழுந்து செத்தார். விசாரணையில் ஓட்டுநர் கொஞ்சமும் கூசவில்லை.

"ரெண்டு விசில் கேட்டுச்சு சார். அப்புறந்தான் எடுத்தேன்."

பழி செத்தவர் தலையில் விழுந்தது. இவருக்கு வேலை தப்பியது.

இன்று மாலை நல்ல மழை. அதே நிறுத்தம். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, வண்டிக்குள் ஈரத்துணி வாடை. பின்படியில் ஆட்கள் முண்டியடித்தார்கள்.

விர்ர். விர்ர்.

இரண்டு விசில். பதினெட்டு வருஷப் பழக்கம். யோசிக்கும் முன்பே கால் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டது. வண்டி குலுங்க, பின்னால் அலறல். பதறிப்போய் பிரேக்கை மிதித்தார்.

"யோவ், ஆள் ஏறுறது தெரியலையா?"

பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும் அவர் மனைவி, ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாகத் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

விர்ர். விர்ர்.

வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரேக்கில் இருந்த கால் தானாக நழுவியது. அழுத்திப் பார்த்தார். கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"அண்ணே..." உதடு மட்டும் அசைந்தது. "நீங்க விசிலே அடிக்கல. நான்தான் பொய் சொன்னேன். அவள விட்டுடுங்க."

காலில் உயிர் வந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மனைவி முன்னால் வந்தாள்.

"புது வண்டியில கண்டக்டரே இல்லன்னீங்க? பின்னாடி ஒருத்தர் கையப் பிடிச்சு ஏத்திவிட்டாரே. அப்பா, என்ன சில்லுன்னு இருக்கு அந்தக் கை!"

அவர் கண்ணாடியில் பின்படியைத் தேடினார்.

"நீங்க முணுமுணுத்தது அவருக்குக் கேட்டுச்சாம். பத்தாதாம். விசாரணையில சொன்ன மாதிரி எல்லார் முன்னாடியும் சொல்லணுமாம்." அவள் குழப்பத்தோடு பின்பக்கம் பார்த்தாள். "அதுவரைக்கும் தினமும் அவரேதான் என்னை ஏத்திவிடுவாராம்."