கிளைவ் மாமாவின் பாலன் குடில்

ஆக்லண்டில் பேய் கிடையாது. இதை நான் முழுப் பொறுப்போடு சொல்கிறேன். வாடகை கொடுக்கிறவர்களுக்கே இந்த ஊரில் இடம் கிடைப்பதில்லை. கொடுக்காதவர்கள் எங்கே தங்குவது?

டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேற்குப் புறநகரான கிளென் ஈடனுக்குப் போனேன், கிளைவ் மாமாவின் நத்தார் பூங்காவுக்கு. கிறிஸ்துமஸுக்காக இருபது வருடங்களுக்கு முன் வீட்டு முற்றத்தில் நாலு மின்விளக்குகளோடு தொடங்கியது. பிறகு பின்வளவு, குட்டி ரயில், ராட்டினம், பொய்ப்பனி. நடுவில் மாமா தன் கையால் பலகை அடித்துக் கட்டிய பாலன் குடில், குழந்தை யேசு பிறந்த தொழுவம். போன மார்கழி அதற்குள்ளேயே, சுத்தியலைப் பிடித்தபடி செத்துக் கிடந்தார். இந்த வருடம் பூங்கா திறக்கவில்லை.

ஐந்து மணிக்கு வீடு விற்கும் ஏஜென்ட் செல்வராஜ் வருவார். றோஷினி மாமி கையெழுத்து வைத்தால் பூங்கா ஒன்பது வீடுகளாகிவிடும். குடும்பத்தில் எல்லோரும் சம்மதம். மாமி மட்டும் குடில் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பாலன் இல்லாத வைக்கோலுக்குக் காவல்.

"இருபத்திநாலாம் திகதி நடுச்சாமம் வரைக்கும் பாலனை வைக்கிறேல்ல, அன்றூ. வைக்கிறது அவர்தான்."

"மாமி, அவர் செத்துட்டார்."

"ஓம். அதுக்கென்ன?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு பந்தயம் கட்டினேன். "இப்பவே வைப்பம். மாமா இருந்தா அஞ்சு மணிக்குள்ள எடுக்கட்டும். எடுக்காட்டி நீங்கள் கையெழுத்து வையுங்கோ."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வை. திறப்பு உன்னட்டயே இருக்கட்டும். பிறகு என்னைச் சொல்லப்படாது."

மூலையில் பிஸ்கட் டின்னுக்குள் இருந்த பாலன் பொம்மையை எடுத்து வைக்கோலில் வைத்தேன். கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டேன். வேறு வாசல் இல்லை.

நியூசிலாந்தின் டிசம்பர்க் கோடை, வெயில் கொளுத்தியது. மூன்றரை மணிபோல, புதிதாக அறுத்த பலகையின் வாசம் வந்தது. பிறகு சத்தம்.

டொக். டொக்.

மாமா ஆணி அடிக்கும் விதம் அது. இரண்டு அடி, ஒரு மூச்சு.

"காத்து," என்றேன்.

"ஓம். சுத்தியல் வச்சிருக்கிற காத்து."

திறந்தேன். வைக்கோல் வெறுமையாக இருந்தது. பாலன் பழையபடி மூலையில் பிஸ்கட் டின்னுக்குள், மாமா வழமையாகச் சுற்றி வைக்கும் கட்டம் போட்ட துணிக்குள் கிடந்தது.

தோல்வியை ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. பாலனை எடுத்துத் திரும்பவும் வைக்கப் போனேன்.

கை இறங்கவில்லை.

வைக்கோலுக்குள்ளிருந்து ஏதோ என் விரல்களைப் பிடித்தது. சின்னப் பிள்ளையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல, கோபமில்லாமல், ஒவ்வொரு விரலாக நிமிர்த்தியது. காய்ப்பேறிய கை.

சூடாக இருந்தது.

ஐந்து மணிக்குச் செல்வராஜ் வந்தபோது மாமி தேத்தண்ணி போட உள்ளே போயிருந்தார். குடில் பூட்டியிருந்தது. கதிரையில் நான் இருந்தேன்.

"கொஞ்சம் நகருங்க தம்பி. உள்ளே அளந்துக்கறேன்."

"ஏலாது. மாமி கையெழுத்து வைக்கமாட்டா."

"இதை யார் முடிவு பண்றது, நீங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் அவர் என் தலைக்கு மேலே பார்த்தார். முகம் மரியாதையாக மாறியது.

"சரிங்க ஐயா. நீங்களே சொல்றப்போ நான் என்ன பண்ண," என்று பேனாவை மூடிக்கொண்டு போனார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கதிரையைக் கதவோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிப் போட்டுக்கொண்டேன்.