அலுமாரிக்குள் இருந்த பிறேக்

அப்பாவின் சிவப்புக் கார் பிறேக் பிடித்தால் வைலே நகரத்தில் பாதிப் பேருக்குக் கேட்கும். இரும்பில் இரும்பு உரசும் சத்தம் அது. பள்ளிக்கூட வாசலில் கார் வந்து நின்றதும் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நிறோஷினி தலையைக் குனிந்தபடி ஏறுவாள்.

"அப்பா, இண்டைக்கும் எல்லாரும் சிரிச்சவை."

"சிரிக்கட்டும் பிள்ளை. நான் வாறது உனக்கு முதலே தெரியுதெல்லோ" என்பார் அப்பா யேசுரட்ணம்.

நிறோஷினிக்குப் பத்து வயது. ஏழு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு டென்மார்க்குக்கு வந்தவள். அம்மா மாக்கிரட் அப்போது வயிற்றில் தம்பியோடு இருந்தபடியால் இலங்கையில், மன்னாரிலேயே நின்றுவிட்டார். "பிள்ளை பிறந்த கையோடை வந்திடுவன்" என்று சொன்ன அம்மா இன்னும் வரவில்லை. தம்பி ஸ்ரிபன் பிறந்து, நடந்து, இப்போது கதைக்கவும் தொடங்கிவிட்டான். அப்பா அவனைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

அது எண்பத்தெட்டாம் ஆண்டின் கடைசி. குடும்பத்தைக் கூப்பிடுவதற்குக் கோப்பன்ஹேகனில் இருக்கும் குடிவரவுக் கந்தோர் அனுமதி தரவேண்டும். போருக்குத் தப்பி, ஊரில் மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த தமிழர் பலருக்கும் அந்த அனுமதி வராமலே கிடந்தது. மாதாமாதம் அப்பா தொலைபேசியில் இலக்கத்தைச் சுழற்றுவார். டேனிஷ் மொழி நன்றாகத் தெரிந்தவள் என்பதால் பேசுவது நிறோஷினிதான்.

"பார்த்துக்கொண்டிருக்கிறோம், காத்திருங்கள்" என்பார்கள் மறுபக்கத்தில்.

தன் அம்மாவை நாட்டுக்குள் விடச்சொல்லி ஒரு சின்னப்பிள்ளை கந்தோரைக் கெஞ்ச வேண்டியிருந்தது. மறுபக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு வெட்கமாக இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சிவப்புக் காரை வாங்கியதே அம்மாவுக்காகத்தான். கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் இருந்து வைலேக்கு வருவதென்றால் காரோடு கப்பலிலும் ஏறவேண்டும். அம்மாவும் தம்பியும் பின் இருக்கையில் படுத்து நித்திரை கொண்டு வரலாம் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை, பிறேக்கின் சத்தம் அப்பாவுக்கே பொறுக்க முடியாமல் போனது. இருவரும் உதிரிப்பாகக் கடைக்குப் போனார்கள். கடையில் இருந்த தாடிக்காரர் முன்சில்லைக் கழற்றி, உள்ளே இருந்த வட்டத் தட்டை அளந்தார். நிறோஷினியின் விரலைப் பிடித்து அதில் தடவிக் காட்டினார். வழவழப்பாக இருக்கவேண்டிய தட்டு வரிவரியாகப் பள்ளம் விழுந்து கிடந்தது.

"தட்டு தேஞ்சு மெலிஞ்சு போச்சாம் அப்பா. இதைவிட மெலிஞ்சா ஆபத்தாம்."

"அதைப் பிடிக்கிற கட்டையை மட்டும் மாத்தினாப் போதாதோ எண்டு கேள்."

தாடிக்காரர் இல்லையென்று தலையாட்டினார்.

"போதாதாம். பள்ளம் விழுந்த தட்டிலை புதுக்கட்டை சரியாப் படியாதாம், கட்டையும் கெதியிலை பழுதாப் போமாம். தட்டையும் கட்டையையும் சேர்த்துத்தான் மாத்தவேணுமாம். ரெண்டு சில்லுக்கும் மாத்தாட்டிக் கார் ஒரு பக்கம் இழுக்குமாம்."

தாடிக்காரர் மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்று சாதாரணம். ஊருக்குள் ஓட அது போதும் என்றார். மற்றது விலை கூடியது.

அப்பா பெட்டிகளை மாறிமாறிப் பார்த்தார். "நாலு பேரையும் சாமானையும் ஏத்திக்கொண்டு மழைக்குள்ளை கனதூரம் போறதெண்டால் எது நல்லம் எண்டு கேள்."

தாடிக்காரர் இரண்டாவது பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"அதைத் தரச்சொல்லு" என்றார் அப்பா.

நிறோஷினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனிமேல் பள்ளிக்கூட வாசலில் யாரும் சிரிக்கமாட்டார்கள். புறப்படும்போது தாடிக்காரர் சொன்னதையும் அவள் மறக்காமல் சொன்னாள். "இந்தக் கிழமைக்குள்ளை காரிலை பூட்டவேணுமாம் அப்பா."

"ஓம், ஓம்" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தார்.

அது அம்மாவின் அலுமாரி. உள்ளே அம்மாவுக்கு வாங்கிய நீலக் குளிர்கோட்டு விலைச்சீட்டோடு தொங்கியது. ஒரு தடவைகூடச் சோறு போடாத பூப்போட்ட கோப்பைகள் இருந்தன. அப்பாவும் மகளும் சாப்பிடுவது விளிம்பு உடைந்த பழைய கோப்பைகளில்தான். தம்பிக்கு வாங்கிய குளிர்ச்சப்பாத்தும் இருந்தது. அது இரண்டு வயதுப் பிள்ளைக்கு அளவானது. தம்பிக்கு மூன்று வயதாகிவிட்டது என்று அவர்கள் இருவருமே வாய்விட்டுச் சொல்வதில்லை.

"ஏன் அப்பா உள்ளை வைக்கிறியள்?"

"இப்ப பூட்டினா வீணாத் தேஞ்சுபோம். அம்மா வாறா எண்டு தெரிஞ்ச உடனை பூட்டுவம். அவையைக் கூட்டிவரேக்கை புத்தம்புதுசா இருக்கவேணும்."

"அதுவரைக்கும்?"

"பழசு இன்னும் பிடிக்குதுதானே!"

பிறேக்கை அலுமாரிக்குள் வைத்துவிட்டுக் கார் ஓட்டிய மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நிறோஷினி பார்த்தாள். சிரிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை.

வைலே மேடும் பள்ளமுமான ஊர். அவர்களின் குடியிருப்பு மேட்டில் இருந்தது. அடுத்த புதன்கிழமை காலை பனித்தூறலுக்குள் கார் இறக்கத்தில் இறங்கியது. கீழே சிவப்பு விளக்கு. அப்பா பிறேக்கை மிதித்தார். கார் கத்தியது, ஆனால் நிற்கவில்லை. நிறுத்தற் கோட்டைத் தாண்டிப் போய், சைக்கிளில் வந்த ஒரு பெண்ணுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது.

அந்தப் பெண் இறங்கி வந்து காரின் முன்பக்கத்தில் ஓங்கிக் குத்தினார். ஏதோ சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்லிப்போட்டுப் போறா?"

'வந்த இடத்துக்கே திரும்பிப் போய் அங்கே ஓட்டுங்கள்' என்றுதான் அவர் சொன்னார். நிறோஷினிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"கவனமா ஓடட்டாம் அப்பா" என்றாள்.

அவள் பிழையாக மொழிபெயர்த்தது அதுதான் முதல் தடவை.

அன்றும் பெட்டி வெளியே வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கேட்டால், "இனி மெள்ளமா ஓடுறன்" என்றார் அப்பா. தானே பெட்டியைப் பிரித்து வெளியே வைத்துவிடலாமா என்று நிறோஷினி யோசித்தாள். அப்பாவின் முகம் வாடுமே என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபின் அம்மாவுக்குக் கசெற் பதிவது வழக்கம். கடிதத்தைவிட அம்மாவுக்குக் குரல்தான் விருப்பம். நிறோஷினி ரேடியோவில் கசெற்றைப் போட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாங்கள் நல்ல சுகம். தம்பி சுகமோ? அம்மா, அப்பா காருக்குப் புதுப் பிறேக் வாங்கினவர். நல்லது பார்த்துத்தான் வாங்கினவர். வாங்கி அலுமாரியிலை உங்கட குளிர்கோட்டுக்குக் கீழை வைச்சிருக்கிறார். பழசு பிடிக்கிறேல்லை. புதன்கிழமை கார் நிக்காமல்..."

அப்பா பாய்ந்து வந்து பதிவை நிறுத்தினார். தேத்தண்ணி மேசையில் சிந்தியது.

"உனக்கென்ன விசரே? உதைக் கேட்டா அம்மா பயந்து சாகமாட்டாவோ!"

"அம்மா எல்லாத்தையும் சொல்லச்சொன்னவ."

"இதைச் சொல்லாதை. அழி."

நிறோஷினியின் கண்கள் நிறைந்தன. ஆனால் குரல் உடையவில்லை. "அப்ப பூட்டுங்கோ அப்பா. பூட்டினாப்பிறகு பூட்டியாச்சு எண்டு சொல்லுறன். அம்மா வந்து இறங்கேக்கை கார் புதுசா இல்லாட்டிலும் பறவாயில்லை. நீங்கள் உயிரோடை அங்கை நிக்கவேணும்."

அப்பா சிந்திய தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார்.

கீழ்வீட்டுப் பீற்றர் மாமா காரைத் தூக்கும் ஜக்கோடு வந்தார். கார் தரிப்பிடத்தில் குளிருக்குள் சில்லுகளைக் கழற்றினார்கள். நிறோஷினி டோர்ச் பிடித்தாள். பழைய தட்டைக் கையில் எடுத்துப் பார்த்த பீற்றர் மாமா, "அண்ணை, இதை வைச்சோ இவ்வளவு நாளும் ஓடினனீங்கள்?" என்று கேட்டார். அப்பா குனிந்து புதுத் தட்டைப் பொருத்தினார்.

வேலை முடிந்ததும் அப்பா மேலே போய்த் தம்பியின் சப்பாத்தை எடுத்து வந்தார். "உன்ர சின்னவனுக்கு அளவோ எண்டு பார் பீற்றர். எங்கட ஆளுக்கு இது காணாது." அதைச் சொல்ல அவருக்கு ஒரு வருடம் பிடித்திருந்தது.

மூவரும் காரில் இறக்கத்தில் இறங்கிப் பார்த்தார்கள். சிவப்பு விளக்கில் கார் சத்தமே இல்லாமல் நிறுத்தற் கோட்டுக்கு முன்னே நின்றது. தெருவில் போன ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் நிறோஷினி கசெற்றைப் பின்னுக்குச் சுற்றி, பழைய பேச்சின் மேலேயே திரும்பவும் பதிந்தாள். "அம்மா, அப்பா காருக்குப் புதுப் பிறேக் பூட்டிட்டார். இப்ப கார் கத்திறேல்லை."

அப்பா குனிந்து ரேடியோவுக்குக் கிட்ட வாயை வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாக்கிரட், இது தேயிறதுக்கு முன்னம் வந்திடுங்கோ." ரேடியோவை இன்னும் கிட்ட இழுத்தார். "தேஞ்சாலும் பறவாயில்லை. வேறை வாங்கிப் பூட்டுவன்."

நிறோஷினி பதிவை நிறுத்தினாள். இந்தமுறை அழிக்க ஒன்றும் இருக்கவில்லை.