சூடு ஏறாத கணினி

வேகத்தைக் கூட்டினால் சூடு ஏறும் என்றுதான் கொழுந்தன் சொல்லியிருந்தான். ஏறவில்லை. திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண் நாற்பத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டுக்கு இறங்கி, அங்கேயே சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது.

முதலில் அவளுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. கட்டப்போகும் வீட்டுக்குள் அறை அறையாக நடந்து பார்ப்பதுபோல் கணினியில் படம் செய்து கொடுப்பது அவள் தொழில். மறுநாள் காலையில் படம் போய்ச் சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்குக் கைமாறிவிடும். பழைய கணினியோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இருக்கிற ப்ராசஸரையே கொஞ்சம் விரட்டிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவன் கணவனின் தம்பி, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்காரன். நேரில் வந்து, உள்ளே அப்பியிருந்த தூசியை ஊதித் துடைத்து, சிப்பின் மேல் புதுப் பசை தடவி, ஃபேனை இறுக்கிவிட்டுப் போனான். பாக்கியைப் போனில் சொன்னான்.

"அண்ணி, இதுல அவசரமே கூடாது. வேலையெல்லாம் தனியா காப்பி எடுத்துட்டீங்கல்ல? ஒரு தடவைக்கு வேகத்தை ஒரு படிதான் ஏத்தணும். ஏத்தினதும் சோதனை ஓட்டிப் பாருங்க. கம்ப்யூட்டர் அப்படியே நின்னுடுச்சுன்னா ஒரு படி இறக்கிடுங்க. வோல்டேஜ் பக்கம் கையே வைக்காதீங்க. சூடு எண்பத்தஞ்சைத் தொட்டா அதோட மூட்டை கட்டிடணும்."

"மீறினா என்ன தம்பி, வெடிச்சிடுமா?"

"சினிமா பாத்துக் கெட்டுப்போயிட்டீங்க அண்ணி. வெடிக்காது. ஆயுசு குறையும், அவ்வளவுதான்."

அடுத்த அறையில் கணவன் தூங்கிக்கொண்டிருந்தான். இரவு பஸ் ஓட்டுகிறவன். காலையில் வந்து, வழவழவென்று முகம் மழித்து, குளித்துவிட்டுப் படுத்தவன். திரைச்சீலையில் பிற்பகல் வெளிச்சம் பழுப்பாகத் தொங்கியது. அவள் இன்னொரு படி ஏற்றினாள். சோதனை தங்குதடையில்லாமல் ஓடியது. எண் முப்பத்து நான்கு. கணினியின் பின்புறத்திலிருந்து வழக்கமாக வரும் வெதுவெதுப்பும் சூடான தூசி வாசனையும் இல்லை; அதற்குப் பதில், வெகுநாள் திறக்காத நிலவறையின் கதவிடுக்கு வழியே கசிவதுபோல ஈரக்கல் வாசனையோடு ஒரு குளிர்ந்த காற்று வந்து அவள் கணுக்காலைத் தடவியது. உள்ளே அவன் இருமினான்.

படம் ஓடிய வேகத்தைப் பார்த்தபோது ஆசை விடவில்லை. இன்னும் ஒரு படி. பிறகு இன்னும் ஒன்று.

ஃபேன் தயங்கி, நின்றது.

அது நின்ற பிறகுதான், அந்தச் சத்தம் எவ்வளவு நேரமாக வேறொரு சத்தத்தை மூடி வைத்திருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. சுவருக்கு அப்பால் கட்டில் சட்டம் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. மெதுவாக அல்ல. தையல் மிஷின் ஊசிபோல.

அவள் கொழுந்தனைப் போனில் கூப்பிட்டு, எண் இறங்குவதைச் சொன்னாள்.

"சென்சார் பொய் சொல்லுது அண்ணி. பக்கத்து மூடியைத் திறந்து, கிட்டக்க கையைக் காட்டிப் பாருங்க."

காட்டினாள். விரல் மூட்டெல்லாம் வலித்தது.

"சில்லுன்னு இருக்கு தம்பி."

அவன் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "அப்படி இருக்க முடியாதே. ஓடுற மெஷின் சூடு எங்கயாவது போய்த்தானே ஆகணும்? நிறுத்திடுங்க அண்ணி. அண்ணன் எங்க?"

"தண்ணி," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். கணவன் குரல்தான். ஆனால் அந்தச் சொல் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது.

தம்ளரோடு ஓடினாள். கதவைத் திறந்ததும் அடுப்பு வாய்போல அனல் முகத்தில் அடித்தது. அவன் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு மல்லாந்து கிடந்தான். காலையில் மழித்த முகத்தில் தாடி. விரல் நுழையும் அளவுக்குத் தாடி. நெற்றியைத் தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னங்க... என்னங்க பண்ணுது?"

அவன் கண்கள் அவளைத் தேடின. இமைகள் விட்டில் சிறகுபோல அடித்துக்கொண்டன. "படம்முடிஞ்சுதாமுடிஞ்சுதாம்மா," என்றான் ஒரே மூச்சில், பிரியமாக.

தம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள். ஏற்றிய படிகளையெல்லாம் இறக்கினாள். பழைய அளவுக்கே வைத்துச் சேமித்தாள். கணினி அணைந்து மறுபடி எழுந்தது. எண்கள் வந்தன.

வேகம் இறங்கியிருக்கவில்லை. உச்சிப் படியிலேயே இருந்தது.

அவள் கை எதையும் தொடவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு படி ஏறியது.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. மேசையிலிருந்த போனில் கொழுந்தன், "அண்ணி, அண்ணி," என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் வயரைக் கையில் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கட்டில் சத்தம் நிற்கவில்லை. துடிப்புகள் நெருங்கின. ஒன்றோடொன்று ஒட்டின. பிறகு துடிப்பே இல்லை. ரீங்காரம்.

அவள் நடந்தாள். ஓட முடியவில்லை.

தரையில் கொட்டிய தண்ணீர் காய்ந்திருந்தது. தாடி மார்புவரை. வெள்ளை. நகங்கள் படுக்கை விரிப்பில் கீறிக்கொண்டு வளைந்திருந்தன. விரிப்பு அவன் உடம்பைச் சுற்றி, இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்ததுபோலக் கருகிக்கொண்டிருந்தது. அவன் வாய் அசைந்தது. அவளிடம்தான் ஏதோ சொன்னான். நிறையச் சொன்னான். அவளுக்குக் கேட்டதெல்லாம் கொசு பறப்பதுபோல ஓர் இழை.

"மெதுவா," என்றாள். "மெதுவா சொல்லுங்க. எனக்குப் புரியல."

மணிக்கட்டைப் பிடித்தாள். சுட்டது. விடவில்லை. நாடியைத் தேடினாள். தனித்தனியாக எதுவும் துடிக்கவில்லை. தோலுக்கடியில் ஒரே இரைச்சல், நீளமாக, விடாமல்.

அவள் விரலுக்கடியில் அது இன்னொரு படி ஏறியது.