வர்றாங்க

குண்டடம் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவில் மூடிக் கிடந்த அந்த நூல் மில்லில் நாங்கள் போய் இறங்கியது இரண்டாயிரத்து ஆறில், ஆடி மாதத்து ஒரு சாயங்காலம். நாங்கள் என்றால் நானும் அழகுமலையும். சங்கரன்கோவில் பக்கம் ஒரே ஊர்க்காரர்கள். திருப்பூரில் ஒரே லைன் வீட்டில் ஒரே அறை. ஒரே பனியன் கம்பெனியில் அவன் அயர்ன் டேபிள், நான் செக்கிங். செக்கிங் ஆரோக்கியராஜ் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பார்கள். இனி யாரும் என்னிடம் அதைச் சொல்ல வேண்டாம்.

அழகுமலை சின்ன வயதிலேயே வீட்டைவிட்டு ஓடிவந்தவன். ஊரில் அவனுக்கு 'ஓடுகாலி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. "ஓடியே பேரு வாங்கிட்டுத்தாம்ல ஊருக்குப் போவேன். எங்கய்யா கையில எம்பேரு வந்த பேப்பரக் குடுத்து, இந்தாரும் உம்ம ஓடுகாலின்னு சொல்லணும்" என்பான். வேடிக்கையாகத்தான் சொல்வான். ஆனால் பொங்கலுக்கு லைன் வீடே காலியாகும்போது அவன் மட்டும் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பான்.

எங்கள் முதலாளி சுரேந்தருக்கு ஓட்டம் என்றால் பைத்தியம். ஒரு நாள் முழுக்க ஓடி, இந்த வட்டாரத்தில் யாரும் தொடாத தூரத்தை அழகுமலை தொட வேண்டும் என்று எல்லா ஏற்பாடும் செய்தார். மில்லைச் சுற்றிக் காம்பவுண்டுக்குள்ளேயே தார் ரோடு இருந்தது. முன்வாசலில் சுற்றுகளை எண்ண ஆள் போட்டிருந்தார். பின்பக்கத்தைப் பழைய பஞ்சு குடோன் மறைத்துவிடும். அதனால் அந்தத் திருப்பத்தில் ஒருவர் உட்கார்ந்து, அவன் வரும்போதெல்லாம் குரல் கொடுக்க வேண்டும். அந்த வேலையைப் பொன்னாத்தாள் என்ற அம்மாள் தானாகவே கேட்டு வாங்கியிருந்தார். மில் ஓடிய காலத்தில் அங்கே வேலை பார்த்தவராம். அவர் பக்கத்தில் உப்புப் போட்ட மோரோடு நான் உட்கார்ந்தேன். அன்று சாயங்காலமே ஓட்டம் தொடங்கியது.

"வர்றாங்க" என்பார். அழகுமலை வந்து இரண்டு மடக்கு மோர் குடித்துவிட்டுப் போவான்.

"போறாங்க" என்பார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கொங்கு மரியாதை எங்கள் ஆட்களுக்குப் பழகவே பழகாது. இங்கே நாயை விரட்டினால்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவார்கள் என்று அறையில் கேலி பேசுவோம். "ஏம்மா, அந்த மூதிக்குப் போயி எதுக்கு இம்புட்டு மரியாத?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேய் என்றால் ராத்திரி வர வேண்டும் என்பீர்கள். ராத்திரி ஒன்றுமே நடக்கவில்லை. அவன் சீராக ஓடினான், நான் இரண்டு தூக்கம்கூடப் போட்டேன். விடிந்து, வெயில் ஏறி, உச்சிப்பொழுதில் தார் இளகத் தொடங்கியபோதுதான் அந்த வாடை வந்தது. ஈரப் பஞ்சும் வலித் தைலமும் கலந்த வாடை. அழகுமலை தைலம் தேய்ப்பதே இல்லை, அந்தக் காட்டம் அவனுக்கு ஆகாது.

அவன் எங்களைக் கடந்து போனான். அவனுடைய ஷூ சத்தம் தேய்ந்து மறைந்தது.

அதன் பிறகு இன்னொரு காலடி கடந்து போனது.

வெறுங்கால். இளகிய தாரில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம்.

ரோட்டில் யாரும் இல்லை.

அடுத்த சுற்றில் அழகுமலை மோரை வாங்கிக்கொண்டே கேட்டான். "ஏல ஆரோக்கியம், பின்னால வாறது யாரு?"

"ஒருத்தரும் இல்லல."

"இருக்கான். முன்ன போன்னு வழி விட்டேன். போமாட்டேங்கான்."

அதற்கடுத்த சுற்றில் அவன் நிற்கவில்லை. மோரையும் வாங்கவில்லை. நான் கூடவே ஓடி அவன் கையைப் பிடித்தேன். அத்தனை நேரம் வெயிலில் ஓடிய உடம்பில் பொட்டு வேர்வை இல்லை. "போதும்ல, நிப்பாட்டு" என்றேன். "விடுல, இன்னும் கொஞ்சந்தான். எங்கய்யா பாக்கணும்" என்று உதறிவிட்டுப் போனான். அந்தக் குரலில் இருந்த கெஞ்சலைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

"போறாங்க" என்றார் பொன்னாத்தாள்.

எரிச்சலும் பயமுமாக அவர் பக்கம் திரும்பினேன். "ஏம்மா, ஓடுதது அவன் ஒருத்தன்தான?"

அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஒருத்தருன்னா வர்றாருங்கன்னு சொல்லுவனுங்க தம்பி."

எனக்குப் புரியவில்லை.

"வர்றாங்கன்னா ரெண்டு பேருங்க."

நேற்று முதல் சுற்றிலிருந்தே அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் அதை மரியாதை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொருத்தர் யாரும்மா?" என்றேன்.

"எம்பட பையன் மணியனுங்க. முந்தின ஆடியில இதே ஓட்டம் ஓடுனானுங்க. இன்னுங் கொஞ்சந்தான் பாக்கி. இந்தத் திருப்பத்துல உழுந்தவன் எந்திரிக்கவே இல்லீங்க." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "முடிக்காம அவன் எப்படீங்க ஊட்டுக்கு வருவான்?"

முன்வாசலுக்கு ஓடி சுரேந்தரிடம் சொன்னேன். "வெயில் தலைக்கேறிடுச்சுங்களா? போய் நெழல்ல உக்காருங்க" என்று தோளில் தட்டினார். திரும்பி ஓடிவந்து அழகுமலையை மறிக்கப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவன் என்னைச் சுற்றிக்கொண்டு போனான். அவன் கண் என்மேல் படவே இல்லை.

வெயில் சாய்ந்தது. காற்று நின்றுபோய், காற்றாலைகள் எல்லாம் அசையாமல் நின்றன. அந்தத் திருப்பத்தில் அவன் கடைசியாகத் தெரிந்தபோது பொன்னாத்தாள் எழுந்து நின்றார்.

"வர்றான்."

ங்க இல்லை. மரியாதை இல்லை. பெற்றவள் மட்டுமே சொல்லக்கூடிய மாதிரி சொன்னார்.

அழகுமலை எங்களைக் கடந்து போனான். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவனுக்குப் பின்னால் எந்தக் காலடியும் இல்லை. அப்பாடா, விட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். சந்தோஷத்தில் கத்திக்கொண்டே குறுக்குவழியில் முன்வாசலுக்கு ஓடினேன்.

அங்கே வேட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. யாரும் தொடாத அந்தத் தூரத்தைத் தொட்டுவிட்டான். சுரேந்தர் பொன்னாடை போர்த்தினார். நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவனைக் கட்டிப்பிடித்தேன். "சாதிச்சுட்டியேல மாப்ள! நாளைக்கே ஊருக்கு பஸ் ஏறுவோம்!"

அவன் என்னைப் பணிவாக விலக்கினான்.

"ஏனுங்க, கொஞ்சம் தண்ணி குடுங்க."

கேலி செய்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். "ஒழுங்காப் பேசுல, மிதிச்சுப்புடுவேன்."

"நீங்க யாருங்க?"

அவன் மேலிருந்து தைல வாடை அடித்தது.

கூட்டத்துக்குள் பொன்னாத்தாள் வந்தார். அவன் குழந்தைபோலத் தலையைக் குனிந்தான். அவர் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டார். "வந்துட்டயா சாமி? வா, ஊட்டுக்குப் போலாம்." இருவரும் கைகோத்துக் கேட்டைத் தாண்டிப் போனார்கள். யாரோ கிழவி ஆசீர்வாதம் செய்கிறாள் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். நான் கூப்பிடக் கூப்பிட அவன் திரும்பவில்லை. அழகுமலை என்ற பெயருக்கு அவன் திரும்பவே இல்லை.

வேட்டுப் புகை அடங்கியது. ஆட்கள் வண்டிகளில் ஏறினார்கள்.

அப்போது மில்லுக்குப் பின்னால் ஷூ சத்தம் கேட்டது.

களைத்துப்போன கால்கள். இழுத்து இழுத்து ஓடுகிற சத்தம்.

குடோன் பக்கத்திலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு குரல் வந்தது.

"ஏல ஆரோக்கியம்... இன்னும் எம்புட்டுல இருக்கு?"